ஜெகதளாவில் நான் பெய்ய வைத்த மழை

படித்தவனுக்கு ஜன்னல் எதற்கு என்று நினைத்தவன் நான். (இப்போதெல்லாம் முதலில் ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.)

குன்னூரில் ஓர் அலுவலகத்தில் வானிலை வேலை. எஸ்டேட்டுகள் காலையில் அனுப்பும் மழை, குளிர், காற்று அளவுகளை ஏற்றினால், மென்பொருள் அவற்றை நீலகிரி வரைபடத்தில் குறித்துக் காட்டும். சாதாரண மழைக்குப் பச்சை, பேய்மழைக்குச் சிவப்பு. பத்து நாள் பயிற்சி முடித்திருந்த எனக்குத் தலைக்கனம் தொட்டபெட்டா உயரம்.

அன்று கோயம்புத்தூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இரண்டு வரன் தட்டிப்போய் வந்த மூன்றாவது. போட்டோவிலேயே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. லீவு போட்டும் கை சும்மா இருக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, வந்திருந்த அளவுகளை ஏற்றினேன். ஜெகதளாவில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே சிவப்பு வட்டம். 120 மில்லிமீட்டர்!

முந்தின நாள் ஒரு பாட்டம் பெய்தது தெரியும்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபின் பெய்த முதல் மழை. ஆனால் நனைந்த சட்டையை நம்புவேனா, மென்பொருளை நம்புவேனா? மலைப்பாதையில் மண் சரிந்திருக்கும் என்று முடிவுகட்டி மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க மாமா, மேல வராதீங்க. உசுருக்கே ஆபத்துங்க."

மலையடிவாரத்தில் பர்லியாறு வரை வந்த அவர்கள் வேன் திரும்பிவிட்டது.

பட்டுப்புடவையோடு அக்கா ஜன்னலைக் காட்டினாள். "ஏண்டா, வெயில் பல்லக் காட்டுது?"

"அது ஜன்னல் நிலவரம்க்கா. இது மாவட்ட நிலவரம்."

அவள் அழுதுவிட்டாள்.

பஜ்ஜிக்கு வாழைக்காயோடு அப்பா வந்தார். எஸ்டேட் ஆபீசில் மழை அளந்து அனுப்புகிறவரே அவர்தான். திரையில் சிவப்பு வட்டத்தையும் 120-ஐயும் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நூத்தி இருவதுன்னா ஒரு இஞ்ச் இருவது சென்ட்டுடா! (நூறு சென்ட் ஒரு இஞ்ச்.) எஸ்டேட்ல என்னைக்குடா மில்லிமீட்டர்ல அளந்தோம்? டவுசர் போட்ட காலத்துல நீயே எங்கூட அளந்திருக்கியே!"

அதாவது முப்பது மில்லிமீட்டர்தான். பச்சைப் புள்ளி.

அந்நேரம் வாசலில் ஒரு பைக். வேனுக்கு முன்னால் தனியாகக் கிளம்பி, போனையே எடுக்காமல் வந்துசேர்ந்த மாப்பிள்ளை. சட்டையில் சொட்டு ஈரமில்லை.

"எங்க ஊட்டுக்காரங்க இன்னும் வரலீங்களா?"

பேச்சை நடுவில் வெட்ட மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் யாருமில்லாததால், பஜ்ஜி தீரும்வரை இருவரும் பேசினார்கள். கல்யாணமும் முடிவானது. அந்தப் புண்ணியத்தை இதுவரை யாரும் என் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போதும் அக்கா ஊருக்கு வந்தால், துணி துவைத்ததும் என்னைத்தான் கேட்பாள். "இன்னைக்கு எப்படிடா?"

"கொட்டும்க்கா."

"அப்பாடா" என்று கொடியில் காயப்போடப் போய்விடுகிறாள்.