பாலக் காவலருக்கு இருபத்து மூன்று மதிப்பெண்

மார்ச் 4

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என்று வைத்துக்கொள்கிறேன். இருபது ஆண்டுகளாகத் தங்களை 'நீ' என்றே அழைத்துவந்த நான் இக்கடிதத்தில் 'தாங்கள்' என்று எழுதுவதை, மரியாதை கூடிவிட்டதன் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். அதற்கான காரணங்கள் தேதிவாரியாகப் பின்வருமாறு:

1. பிப்ரவரி 3: என் மகளின் புகுமுக வகுப்பு ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு உதவப்போவதாகச் சொல்லி, "ரெண்டே நாள்தான் அத்தான்" என்ற உறுதிமொழியோடு வந்து இறங்கினீர்கள். பதினான்கு நாள் இருந்தீர்கள்.

2. பிப்ரவரி 5: அவள் மேசைக்கு எதிரே நான் மூன்று வண்ணங்களில் வரைந்து ஒட்டியிருந்த கால அட்டவணையை உரித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினீர்கள். அந்தக் கண்ணாடியில் அவள் முகம் தெரியாது. கூடத்தில் என் நாற்காலி தெரியும்.

3. பிப்ரவரி 8: சாப்பாட்டு மேசையில் பாட நாடகத்தின் பாத்திரங்களை வீட்டாருக்குப் பகிர்ந்தளித்தீர்கள். தங்கள் அக்காளுக்குக் கப்பல் தலைவர் வேடம். தங்களுக்கு மீதி ஆறு பேர். எனக்கு, ஆற்றுப் பாலத்தைக் காக்கும் பாலக் காவலர். "உங்களுக்குக் கஷ்டமே இல்ல அத்தான், வசனம் ரொம்பக் கம்மி. சும்மா மொறச்சுக்கிட்டு உக்காந்திருந்தா போதும். அதைத்தான் தினமும் செய்றீங்களே" என்றீர்கள். தங்கள் அக்காள் சிரித்தாள். என் மகள் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தாள்.

4. பிப்ரவரி 11: பாலக் காவலரின் குணம் பிடிபடவில்லை என்று அவள் வருந்தியபோது, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் தாங்கள் கற்பிக்கும் முறையை இலக்கியத்துக்கும் நீட்டினீர்கள். "வண்டி ஓட்டறப்ப ரோட்டை மட்டும் பாத்தா போதுமாம்மா? அப்பப்போ கண்ணாடியைப் பாக்கணும், பின்னாடி யாரு வர்றாங்கன்னு தெரியணும். பாடமும் அப்படித்தான். புத்தகத்தைக் கொஞ்சம் பாரு, வீட்டுல இருக்கற ஆளைக் கொஞ்சம் பாரு." நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

5. பிப்ரவரி 16: விடைபெற்றீர்கள். தங்களோடு என் குடையும் விடைபெற்றது.

6. பிப்ரவரி 24: மாதிரித் தேர்வு. 'பாலக் காவலர் நம் வெறுப்புக்கு உரியவரா? காரணங்களுடன் விளக்குக.' இருபத்தைந்து மதிப்பெண்.

7. மார்ச் 2: விடைத்தாள் வீட்டுக்கு வந்தது.

ஏழாவதை விரித்துரைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கு முன், தாங்கள் அந்த நாடகத்தை முழுதாகப் படித்தீர்களா என்பதில் எனக்குள்ள ஐயத்தால், கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை படித்தவன் என்ற தகுதியில். ஓர் ஆறு, அதன்மேல் கப்பல் வரும்போது தூக்கப்படும் பாலம், அதற்கு ஒரு காவலர். அவர் மகள் அக்கரையில் ஓர் அச்சகத்தில் வேலைக்குப் போக விரும்புகிறாள். காவலர் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. 'அவர் பேசாமல் நிற்கிறார்' என்ற குறிப்பு நாடகத்தில் பதினேழு இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்திருக்கிறேன். கடைசிக் காட்சியில் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடக்கிறாள். அதே நேரத்தில் கப்பல் வந்து ஊதுகிறது. பாலத்தைத் தூக்கியாக வேண்டும் என்பது விதி. காவலர் பாலத்தைத் தூக்கும் நெம்புகோலில் கை வைக்கவில்லை. அவள் அக்கரை சேரும்வரை கப்பல் ஊதிக்கொண்டே நிற்கிறது. திரை விழுகிறது. முப்பது ஆண்டுக் காலம் ஒரு விதியைக்கூட மீறாத பொறுப்புள்ள அரசு ஊழியர் ஒருவர் செய்த அந்த ஒரே மீறலைப் பற்றி, என் மகள் எழுதியிருக்கும் நான்கு பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் இன்னும் மோசமாக இருக்கிறது.

'பாலக் காவலர் குளிர்சாதனப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பாட்டிலிலும் தேதியும் மணியும் எழுதிய சீட்டு ஒட்டுவார்.' நகரக் குடிநீர் ஆய்வகத்தின் தலைமை வேதியியலாளராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றும் ஒருவன், தண்ணீர் பிடித்த நேரத்தை எழுதி வைப்பதில் நகைப்புக்குரியது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. 'அன்பு, கோபம், கவலை மூன்றையும் அவர் ஒரே வாக்கியத்தால் தெரிவிப்பார்: மணி ஏழரை.' ஏழரை மணிக்கு வேறென்ன சொல்வது? 'கோபம் வந்தால் அவர் குரலை உயர்த்த மாட்டார். காகிதத்தை எடுத்து எண் போடுவார்.' இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. 'ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியில் ஒலியை அணைத்துவிட்டுச் செய்தி பார்ப்பார். வாசிப்பவரின் வாய் அசைந்தால் அவருக்குப் போதும். பிறர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.'

ஜனவரி 2 முதல் நான் ஒலியில்லாமல் செய்தி பார்ப்பது உண்மை. அதன் காரணம் என் சொந்த விஷயம். அதனால் எனக்கு நேர்ந்த சங்கடங்களும் என் சொந்த விஷயமே. கறுப்புக் கோட்டும் பூங்கொத்துகளுமாய்ப் பெருங்கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஓர் அமைச்சர் காலமானார் என்று நம்பி, மறுநாள் ஆய்வகத்தில் இரண்டு நிமிட மௌனத்துக்கு ஏற்பாடு செய்தேன். ஒன்றரை நிமிடம் எல்லோரும் தலைகுனிந்து நின்ற பிறகுதான் பம்பு இயக்குபவர் என் காதருகே வந்து, "சார், அவருக்குக் கல்யாணம் சார்" என்றார். மீதி அரை நிமிடத்தை என்ன செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டவனைத்தான், கேட்கும் பழக்கம் இல்லாதவன் என்று ஒரு விடைத்தாள் சொல்கிறது.

தங்கள் அக்காளிடம் நான்கு பக்கங்களையும் வாசித்துக் காட்டினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், "இதுல எது பொய்னு சொல்லுங்க" என்றாள். பொய் என்பது வேறு, பாடத்தில் இல்லை என்பது வேறு என்று விளக்கினேன். "அப்ப உண்மைன்னு ஒத்துக்கறீங்க" என்றாள். வாதத்தை அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

நேற்று, நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்று ஆங்கில ஆசிரியையைச் சந்தித்தேன். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே இருந்து நிமிர்ந்தவர், நான் கேட்பதற்கு முன்பே, "மார்க் கொறஞ்சு போச்சுன்னு வந்தீங்களா சார்? இருபத்து மூணு போட்டிருக்கேனே" என்றார்.

"அதிகமாக இருக்கிறது" என்றேன்.

"எது?"

"மதிப்பெண். பதினொன்றுக்கு மேல் தகாது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "பத்து வருஷமா வேலை பாக்கறேன். மார்க்கைக் குறைங்கன்னு வந்த மொத அப்பா நீங்கதான் சார்."

என் ஆட்சேபங்களை எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். முதல் ஆட்சேபத்தை வாசித்தேன்: நாடகம் நடக்கும் காலத்தில் குளிர்சாதனப் பெட்டியே கிடையாது. ஆசிரியை யோசித்தார். "கிடையாதுதான் சார். ஆனா இருந்திருந்தா அந்த மனுஷன் சீட்டு ஒட்டியிருப்பாருல்ல?" நாடகத்தை மூன்று முறை படித்தவன் என்ற முறையில் யோசித்தேன். ஒட்டியிருப்பார். அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டாவது ஆட்சேபத்துக்குப் போனபோதுதான் அவர் பார்வை என் கையிலிருந்த காகிதத்தில் விழுந்தது. அதில் எண்கள் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஐயோ சார்... நீங்கதானா அது? நான் எல்லாம் அவளோட கற்பனைன்னு நெனச்சு கிளாஸ்ல சத்தமா வாசிச்சுட்டேனே!" அதாவது, அந்த நிமிடம்வரை கல்லூரியில் எவருக்கும் தெரியாதிருந்த ஓர் உண்மையை, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே நேரில் சென்று தெரிவித்திருக்கிறேன். இதற்கும் தாங்களே பொறுப்பு.

புறப்படும்போது அவர், "கடைசிப் பக்கம் படிச்சீங்களா சார்?" என்றார். நான்கு பக்கமும் படித்தேன் என்றேன். "நாலா?" என்று ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் மணி அடித்துவிட்டது. மதிப்பீட்டின் தரத்துக்கு அந்தக் கடைசிப் பக்கமே சாட்சி. 'இருந்தாலும்' என்ற சொல்லோடு அது நிற்கிறது. வாக்கியம் முடியவில்லை, முற்றுப்புள்ளி இல்லை, முடிவுரை இல்லை. இதற்கு இருபத்து மூன்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 14 அன்று உண்மையான தேர்வு. அவள் விரும்பும் துறையில் இடம் கிடைக்க இந்தத் தாளில் எண்பதுக்குக் குறையக் கூடாது. அதே கேள்வி வரும் என்று கல்லூரியே சொல்கிறது. "மாமா சொன்ன மாதிரியேதான் எழுதப் போறேன்மா, அதுக்குத்தானே மார்க் வந்துச்சு" என்று அவள் தாயிடம் சொன்னது என் காதில் விழுந்தது. முகம் தெரியாத ஒரு தேர்வாளர், ஏதோ ஓர் ஊரில், என் வீட்டுப் பாட்டில்களைப் படித்துவிட்டு 'பாடத்தில் இல்லை' என்று ஒரே கோடாக அடித்தால், அவள் ஓராண்டு போய்விடும். அடிக்காமல் மதிப்பெண் போட்டால், நான் வெறுப்புக்கு உரியவன் என்பது அரசு முத்திரையோடு உறுதியாகிவிடும். இரண்டில் எது எனக்குக் கூடுதல் வருத்தம் என்று கேட்காதீர்கள். இதை அவளிடம் நானே சொல்லலாம் என்பீர்கள். மார்ச் 2 முதல் நான் அவளிடம் மணிகூடச் சொல்லவில்லை.

ஆகவே தாங்கள் கற்பித்ததைத் தாங்களே திரும்பப் பெற வேண்டும். பாலக் காவலரைப் பாடத்தில் உள்ளபடி மட்டுமே எழுதுமாறு அவளுக்கு அறிவுறுத்தி, அவ்வாறு அறிவுறுத்தியதை எனக்கு மார்ச் 10 மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொலைபேசி அழைப்புகள் ஏற்கப்பட மாட்டா.

தங்கள் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்களுக்கு எதை அனுப்புவது என்பது பதில் கிடைத்த பின் பரிசீலிக்கப்படும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் உன் அக்காள் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இதையும் படிச்சுட்டு ஒட்டுங்க. கூடுதல் தாள். நூல் அவுந்து அன்னைக்கே சோபாவுக்கு அடியில விழுந்துடுச்சு."

"ஏன் முன்பே தரவில்லை?"

"நீங்க ஏழாம் நம்பர் வரைக்கும் எழுதி முடிங்கன்னுதான். பாதியில நிறுத்தினா உங்களுக்குத் தலைவலி வரும்."

தாளில் இருப்பது இவ்வளவுதான்: 'கடைசிக் காட்சிக்குப் பிறகு அவரை வெறுக்க முடியாது. மகள் பாலத்தைக் கடக்கும்வரை அவர் ஒரு கப்பலையே காக்க வைக்கிறார். அதை அவளிடம் சொல்வதில்லை. அவளும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அவர் கூச்சப்படுவார். நான் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்த நாளிலிருந்து பக்கத்து அறையில் செய்திக்குச் சத்தம் இல்லை. உலகம் முழுவதையும் அவர் காக்க வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.' 'நான்' என்ற சொல்லை ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு, பிறகு அந்த வட்டத்தை அடித்திருக்கிறார்.

மேலே உள்ளவற்றில் 1 முதல் 4 வரையும், 6, 7 ஆகியவற்றையும் திரும்பப் பெறுகிறேன். 5 நிற்கிறது, குடையை அனுப்பு. அவள் எதையும் மாற்ற வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. பாட்டில் இருக்கட்டும். 'நான்' என்பதை மட்டும் 'மகள்' என்று எழுதச் சொல், தேர்வாளர் கண்டிப்பானவராக இருக்கக்கூடும். முக்கியமாக, கூடுதல் தாளை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

மார்ச் 10 மாலை ஐந்து மணி என்பதில் மாற்றமில்லை. கடிதமாகவே எழுது, ஃபோன் மட்டும் பண்ணாதே. மணி அடித்தால் அவள் அறைவரை கேட்கிறது.