அம்மாவின் உயரத்துக்கு ஒரு சமையலறை

குருபோங், மலாக்கா
நவம்பர் கடைசி ஞாயிறு

பெருமதிப்புக்குரிய கேத்லீன் பெரியம்மா அவர்களுக்கு,

ஈப்போவில் தாங்களும் பிரான்க்ளின் பெரியப்பாவும் உடல் நலத்தோடு இருக்க வேண்டுமென்று தினமும் செபத்தில் கேட்டுக்கொள்ளும் தங்கள் தங்கை மகள் ஷெர்லீன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அப்பாவின் முதுகு மட்டும் இன்னும் முழு நலம் அடையவில்லை. பழைய கேபினெட்டைத் தனி ஆளாகத் தூக்குவேன் என்று அவர் காட்டிய வீரத்தின் விளைவு அது.

வாட்சப் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று தாங்கள் நினைக்கலாம். நானும் அம்மாவிடம் இதையேதான் கேட்டேன். “போன்ல சொன்னா அக்கா என்னைப் பேசி முடிக்க விடமாட்டா. மெசேஜ் போட்டா பாதி படிச்சிட்டுக் கூப்பிடுவா. லெட்டர்னா நடுவுல பேச முடியாது லா. நீதான் பள்ளிக்கூடத்துல தமிழ்க் கழகச் செயலாளர் ஆச்சே, எழுது. மரியாதையா எழுது. ஆனா தெளிவா எழுது” என்றார். ஆகவே மரியாதையாகவும் தெளிவாகவும் எழுத முயல்கிறேன். எங்காவது இரண்டும் சேர்ந்து வராவிட்டால் மன்னிக்கவும்.

விஷயம் போன கிறிஸ்மஸில் தொடங்குகிறது. வழக்கம்போலத் தாங்கள் வந்து இறங்கிய கையோடு பையைக்கூட வைக்காமல் எங்கள் சமையலறைக்குள் போய், “செலின், நீ வெங்காயத்தை உரி” என்றீர்கள். அம்மாவும் வழக்கம்போல உரித்தார். தாங்கள் கோழி சமைத்தீர்கள், தாங்களே ஆட்டிறைச்சியும் சமைத்தீர்கள், இடையில் மசாலா டப்பாக்களைத் தங்களுக்கு வசதியாக மாற்றி அடுக்கினீர்கள். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்களைத்தான் பாராட்டினார்கள். பாராட்டு நியாயமானதுதான், நானே மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். ஆனால் தாங்கள் ஈப்போ போய்ச் சேர்ந்த பிறகு, அம்மா சீரகத்தைத் தேடித் தேடிக் கிடைக்காமல் வெறுங்கையோடு நின்று, “என் வீட்டுலயே நான் வெங்காயம் உரிக்கிற ஆளு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அம்மா அழவில்லை. ஆனால் அன்றைக்கு ரசத்தில் சீரகம் இல்லை.

அடுத்த கிறிஸ்மஸுக்குள் சமையலறையைப் புதிதாகச் செய்வது என்றும், அதில் தாமே நின்று எல்லாருக்கும் சமைத்துப் போடுவது என்றும் அம்மா முடிவெடுத்தது அப்போதுதான். பழைய சமையலறையைத் தாங்கள் அறிவீர்கள். வீட்டை எங்களுக்கு விற்றவர் விட்டுப்போன தவிட்டு நிறக் கேபினெட். சிங்க் ஒழுகி ஒழுகிக் கீழ்க்கதவு உப்பிப்போய் ரப்பர் வளையம் மாட்டினால்தான் மூடும். ஓர் இழுப்பறையைத் திறக்க வேண்டுமென்றால் பக்கத்து இழுப்பறையை முதலில் திறந்து சமாதானம் செய்ய வேண்டும். மேல்தட்டில் ஒரு டப்பாவை எடுத்தால் மற்றவை தாமாகவே இறங்கி வரும். இடம் போதாமல் அரிசி வாளி தொலைக்காட்சிக்குப் பக்கத்திலும் வெங்காயக் கூடை படிக்கட்டுக்கு அடியிலும் குடியிருந்தன. ஒருமுறை அப்பா இருட்டில் கால் வைத்து வெங்காயத்தோடு வெங்காயமாக உருண்டார். அம்மா மாதக்கணக்கில் கைப்பேசியில் சமையலறை வீடியோக்களாகப் பார்த்தார். வெள்ளைக் கதவு, சத்தம் போடாமல் மூடும் இழுப்பறை, மூலையில் சுழன்று வரும் தட்டு. செபமாலை சொல்லும்போதுகூட அவர் கண் மூலையில்தான் இருந்தது.

ஆகஸ்டில் தெங்கேராவில் ஒரு கல்யாணம். அது முடிந்ததும் பட்டுப் புடவையும் ஹீல்ஸ் செருப்புமாக அப்படியே பாச்சாங்கில் உள்ள ஒரு கேபினெட் கடைக்குப் போனோம். அங்கே விமலன் என்ற இளைஞர் கணினியில் படம் போட்டுக் காட்டினார். படத்தில் எங்கள் சமையலறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். “அக்கா, ஸ்டாண்டர்ட் சைஸ் எல்லாம் வேணாம். உங்க உயரத்துக்குன்னே செஞ்சு தர்றோம். நேரா நில்லுங்க. கையைத் தூக்குங்க” என்று டேப்பை எடுத்து முழங்கை உயரம், எட்டும் உயரம் எல்லாம் அளந்தார். பெரியம்மா, அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். காரில் வரும்போது, “இத்தன வருஷத்துல இப்பதான் என் உயரத்தைக் கேட்டு ஒரு சாமான் செய்றாங்க” என்றார். அப்பா, “நான் கட்டிலு வாங்கினப்போ கேட்டேனே” என்றார். அம்மா காரின் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

அக்டோபரில் வேலை நடந்தது. அந்த நாட்களில் சாப்பாட்டைக் கடையிலிருந்து பொட்டலமாக வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டுக்குள் செருப்புக்கு அனுமதி இல்லை என்ற அம்மாவின் சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. கனமான பூட்ஸ் போட்ட வேலையாட்கள் ஒவ்வொரு முறையும் வாசலில் உட்கார்ந்து கயிறு அவிழ்த்தார்கள், பலகையை உள்ளே வைத்துவிட்டு வந்து திரும்பக் கட்டினார்கள். வேலை தாமதமானதற்கு அது ஒரு காரணம் என்று விமலன் பின்னால் பணிவோடு தெரிவித்தார்.

எல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு அம்மா குளித்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு புதிய சமையலறைக்குள் நுழைந்தார். எல்லாம் வெள்ளை. எல்லாம் பளபளப்பு. நறுக்கும் பலகையைக் கல்மேடையில் வைத்து ஒரு வெங்காயத்தை எடுத்தார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மாவின் முழங்கைகள் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் நிறுத்தப்பட்ட முதலாம் படிவ மாணவி போலத் தெரிந்தார். மேல்தட்டுக் கதவின் கைப்பிடியை விரல் நுனியால் தொட முடிந்தது. கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் எதையும் தொட முடியவில்லை. அப்பா, “பழகப் பழகச் சரியாயிரும்” என்றார். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்த பிறகு, அப்பா உடனே விமலனுக்குப் போன் செய்தார்.

விமலன் வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றினார், அளந்தார். கடையில் எடுத்த அளவும் மேடையின் அளவும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போயின. “அளவு கரெக்டாத்தான் இருக்கு, அங்கிள்” என்றார் அப்பாவிடம். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் பாதங்களைப் பார்த்தார். “அக்கா, அன்னிக்கு நீங்க இன்னும் கொஞ்சம்…” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. நேரே வாசலுக்குப் போய்ச் செருப்பு அலமாரியிலிருந்து கல்யாணத்து ஹீல்ஸை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து மேடைக்கு முன்னால் வைத்தார். அம்மா ஏறி நின்றார். முழங்கை சரி. மேல்தட்டு சரி. வீடியோவில் வருகிற பெண்ணே வந்து நின்றது போல அத்தனை சரி.

விமலன், “பழகப் பழகச் சரியாயிரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரியம்மா, அடுத்து நடந்ததைத்தான் மரியாதையாக எழுதுவது கடினம். கூடத்துச் சுவரில் கோவிலில் என் புதுநன்மை விழாவன்று எடுத்த படம் இருக்கிறதல்லவா, அதில் தாங்களும் அம்மாவும் என் இருபுறமும் சம உயரத்தில் நிற்பீர்கள். தாங்கள் தட்டைச் செருப்பு, அம்மா ஹீல்ஸ். சிறு வயதில் எல்லாரும் தங்களை நெட்டை என்றும் அம்மாவைக் கட்டை என்றும் கூப்பிட்டதால், படத்திலாவது தங்களுக்குச் சமமாக நிற்க அம்மா வாங்கியதுதான் அந்த ஹீல்ஸ். அம்மா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புதிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஷெர்லீன், இந்த மேடை யாரு உயரம் தெரியுமா? அக்கா வெறுங்கால்ல நின்னா இதே உயரம்தான். நான் அக்காவுக்குக் கிச்சன் கட்டியிருக்கேன்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. அப்பா சிரித்தார், ஆனால் முதுகு வலியால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு அப்பா யோசனை சொல்லத் தொடங்கினார். மேடையின் காலை வெட்டலாம் என்றார்; மேடைக்குக் கால் இல்லை. பிளாஸ்டிக் முக்காலி வாங்கினார். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே அதை நகர்த்தி நகர்த்தி அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒருநாள் பள்ளிவிட்டு வந்து பார்த்தால், என் அகராதிகள் எல்லாம் மேடைக்கு முன்னால் தரையில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. “கெட்டி அட்டை, நல்லாத் தாங்கும்” என்றார் அப்பா. அம்மா தெரியாமல் ஒன்றின் மேல் கால் வைத்துவிட்டு, பதறிப்போய்க் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்பா மதிய உணவுக்குத் தாமே வழி தேடிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். கடைசியில் அம்மா தம் சட்டத்தைத் தாமே மீறினார். ஹீல்ஸைக் கழுவித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீன் பொரித்தார். அந்த நேரம் பார்த்துப் புதுச் சமையலறையைப் பார்க்கப் பக்கத்து வீட்டு மங்களம் ஆன்ட்டி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “என்ன செலின், மீனு பொரிச்சிட்டு அப்படியே டின்னருக்குப் போறியா?” என்று கேட்டார். மாலைக்குள் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் செய்தி போய்விட்டது.

ஆனால் பெரியம்மா, அன்றைக்கே வழியும் பிறந்தது. புதிய கேபினெட் அழகாக இருந்ததே தவிர, பெரிய சாமான் எதுவும் அதற்குள் போகவில்லை. பெரிய குவாலிச் சட்டி, தோசைக்கல், முறுக்கு அச்சு, தாங்கள் தங்களுடையது என்றும் அம்மா எங்களுடையது என்றும் சொல்லிவரும் அந்தப் பெரிய குண்டான் எல்லாம் கூடத்தில் அகதிகள் போல உட்கார்ந்திருந்தன. மங்களம் ஆன்ட்டி போன பிறகு அம்மா ஹீல்ஸை வெளியே வீசிவிட்டு வந்து, மேல்தட்டிலிருந்து தேயிலை எடுப்பதற்காகக் குண்டானைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை. தேயிலை டப்பாவும் கையுமாக அங்கேயே நின்று யோசித்தார். “சாமானும் தரையிலதான் கிடக்குது, நானும் தரையிலதான் நிக்கிறேன். சாமானைக் கீழ போட்டு அதுமேல நான் நின்னா என்ன?” என்றார்.

விமலன் மறுபடியும் வந்தார். மேடையை ஒட்டிக் கீழே ஒரு நீள மரப்படி வேண்டும். மேலே ஏறி நிற்கலாம், முன்பக்கம் இழுத்தால் இழுப்பறை, அதற்குள் சாமான். விமலன், “எங்க கேட்டலாக்ல இப்படி ஒன்னு இல்லையே, அக்கா” என்றார். “உங்க கேட்டலாக்ல நானும் இல்ல. செய்” என்றார் அம்மா. இந்த முறை வெறுங்காலோடு நின்று அளவு கொடுத்தார், அதுவும் இரண்டு தடவை.

இப்போது வந்து பாருங்கள். குவாலி உள்ளே. தோசைக்கல் உள்ளே. அரிசி வாளி தொலைக்காட்சியை விட்டுப் போய்விட்டது. வெங்காயத்துக்குத் தனி இழுப்பறை, காற்றுப் போகத் துளையோடு. அம்மா படியில் ஏறி நின்றால் முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மேடைப் பேச்சாளர் போல நடந்துகொண்டே சமைக்கிறார். விமலன் படம் எடுத்துக் கடையில் மாட்டியிருக்கிறாராம். மங்களம் ஆன்ட்டி தமக்கும் அப்படி ஒரு படி வேண்டுமென்று கேட்டிருக்கிறார். அவர் தலை இப்போதே அவர் வீட்டு மேல்தட்டில் இடிக்கிறது என்பது வேறு விஷயம்.

போன ஞாயிறு கோவிலைச் சேர்ந்த எங்கள் வட்டாரக் குடும்பங்களின் அன்பியக் கூட்டத்துக்கு அம்மா தனியாகவே சமைத்தார். கோழிக்குழம்பை ஒரு வாய் வைத்ததும் ஒருவர், “உங்க அக்கா ஈப்போலருந்து வந்திருக்காங்களா?” என்று கேட்டார். எல்லாரும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா படிமேல் நின்றபடியே, “இல்ல. நான்தான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் காது இரண்டும் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

ஆகையால் இந்தக் கடிதத்தின் வேண்டுகோள் இதுதான். இந்தக் கிறிஸ்மஸுக்குத் தாங்கள் சமைக்க வேண்டாம். இருபத்தைந்தாம் தேதி மதியம் விருந்தாளியாக வந்து கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் போதும். குளிர்பானம் நான் கொண்டுவந்து தருவேன். தங்கள் நலனுக்காகவும் இதைச் சொல்கிறோம்: படியில் தாங்கள் ஏறி நின்றால் தங்கள் நெற்றி புகைபோக்கியில் மோதும். இது வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல. ஆனால் அம்மாவுக்கு இதில் வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை.

பெரியப்பாவுக்கு என் அன்பைச் சொல்லவும். வரப்போகும் பாலன் இயேசு தங்கள் முழங்கால் வலியைத் தீர்த்துவைப்பாராக. சிறியவளான என் நெற்றியில் தங்கள் கை சிலுவை போடட்டும் என்று தலை குனிந்து கேட்டுக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஷெர்லீன் அல்போன்ஸ்

பின்குறிப்பு: கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “நல்லா எழுதியிருக்க” என்றார். பிறகு, “இருபத்தஞ்சாம் தேதி மத்தியானமா? யாரு அப்படிச் சொன்னது?” என்றார். “நீங்கதானேம்மா சொன்னீங்க” என்றேன். “அது கோவத்துல சொன்னது லா. அன்னிக்கு மத்தியானம் வந்தா மொத நாளு தேங்காப்பாலு யாரு பிழியறது? நான் ஒருத்தி எத்தன பேருக்குச் சமைப்பேன்?” என்றார். தாங்கள் படியில் நிற்க முடியாதே என்று நினைவூட்டினேன். அம்மா என்னைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். படி மேடையின் முழு நீளத்துக்கும் ஓடவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு, தரை தரையாகவே இருக்கிறது. பலகை போதவில்லை என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். “அங்க போடாதேன்னு நான்தான் விமலன்கிட்ட சொன்னேன். அப்புறம் அக்கா எங்க நிப்பா?” என்றார். ஆகையால் மேலே உள்ள வேண்டுகோளைத் தாங்கள் படிக்காதது போல் எண்ணி, இருபத்துமூன்றாம் தேதியே வந்துவிடவும். அப்படியானால் கடிதத்தை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். “வேணாம். அப்படியே அனுப்பு. படிச்சிட்டுக் கொஞ்சம் கோவப்படட்டும். அப்பதான் இன்னும் ஒரு நாளு முன்னாடியே வருவா” என்றார்.