நூரியின் இடது முன்னங்கால்

“சார், ஊர்வலத்துக்கு நாலு மணி நேரம்தான் இருக்கு. நூரி நொண்டுது!”

குதிரைச் சேணமும் கால் கவசமும் தைத்து ஏற்றுமதி செய்யும் அந்த ஆம்பூர் கம்பெனி வாசலில், வெள்ளைக் குதிரையோடு வந்து நின்றான் தானிஷ். மாப்பிள்ளை ஊர்வலம்தான் அவன் பிழைப்பு. நொண்டிக் குதிரையில் எந்த மாப்பிள்ளை ஏறுவான்?

குவாலிட்டி செக்கர் சீனிவாசனுக்குப் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது. பதினெட்டு வருஷமாகச் சுவரில் தொங்கும் குதிரைப் படத்தைப் பார்த்துப் பார்த்து எலும்பு, மூட்டு, தசைநார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். உயிருள்ள குதிரை கைக்கு வந்தது இன்றுதான்.

“நடத்திக் காட்டு.”

தானிஷ் கயிற்றைப் பிடித்து நடத்தினான். சீனிவாசன் குனிந்து குளம்புகளையே பார்த்தார்.

“இடது முன்னங்கால் ஊன்றப்ப தலையைத் தூக்குது பாரு. நோவுற கால் அதான். ஆனா முட்டி வீங்கல. முட்டின்னு நீ சொல்றது நெஜத்துல அதோட மணிக்கட்டு, தெரியுமா?”

“மணிக்கட்டா? வாட்சு கட்னா சரியாய்டுமா சார்?”

“கிண்டல் வாணாம். கவசம் கட்டணும்.”

ஜெர்மனிக்குப் போகவேண்டிய சாம்பிளை எடுத்து வந்து இடது காலில் கட்டினார். நூரி அந்தக் காலை உதறியது. எடை சமமாகட்டும் என்று வலது காலிலும் கட்டினார். முன்பக்கம் பாரம் ஏறிவிட்டதே என்று பின்னங்கால்களுக்கும் கட்டினார். இப்போது நூரி, சுடுமணலில் நடப்பதுபோல ஒவ்வொரு காலையும் வயிறுவரை தூக்கித் தூக்கி வைத்தது.

“இன்னா சார் இது! வர்றப்ப ஒரு கால்தான் போயிருந்துச்சு. இப்ப நாலும் போச்சு!” தானிஷின் குரல் உடைந்தது. “ஆறு வருஷத்துல ஒரு மாப்பிள்ளையைக்கூட இது தடுமாற விட்டதில்ல சார்.”

சீனிவாசனுக்கு வேர்த்தது. விரிஞ்சிபுரத்துச் சாமியை நினைத்துக்கொண்டு நான்கையும் கழற்றினார். கடைசிக் கவசம் விழுந்ததும் நூரி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. முற்றத்தை இரண்டு சுற்று. தலை ஆடவில்லை, இடது முன்னங்காலும் வலது பின்னங்காலுமாக, குறுக்குக் கால்கள் ஜோடி ஜோடியாகத் தாளம் பிசகாமல் விழுந்தன.

“பாத்தியா! கவசம் வேலை செஞ்சிருச்சு!”

தானிஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். கயிற்றைப் பிடித்து வாசலை நோக்கி நடந்தான். நாலடியில் நூரி மறுபடி நொண்டியது.

தானிஷின் தெருவிலேயே குடியிருக்கும் தையல் பிரிவு பிரிசில்லா, டீ கிளாஸும் கையுமாக இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லச் சொன்னாள்:

“குதிரைக்கு ஒண்ணுமில்ல சார். தானிஷ் அண்ணனுக்குத்தான் கால் ஆணி முத்திப்போய் எடது காலை ஊன முடியல. அவரை விட்டுட்டு முன்னால போகக்கூடாதுன்னு, அது அவரு நடைக்கே நடந்து வருது!”