மெஹ்ரெஸ் வாத்தியாரின் நாற்பது படங்கள்

“இந்தக் கோப்பை எதைக் கொண்டு திறப்பது?” என்று புதுக் கணினி மூன்றாவது தடவையாகக் கேட்டது.

“அது தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வந்து உக்காரப்போறேன்?” என்றாள் ரதியா.

ஜன்னலுக்கு வெளியே கெர்கென்னாத் தீவின் கடல் காற்றே இல்லாமல் பாலாகக் கிடந்தது. கரை எங்கே முடிந்து நீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத காலை. மீன் மடக்கும் ஓலை வேலிகள் ஆகாயத்தில் நட்டு வைத்தவை போல மிதந்தன. நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால், பதினொரு மணிப் படகில் எதிர்க்கரை ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். இந்த விரிகுடாவை ஒரு ஹோட்டலுக்குக் கொடுப்பதா, எட்டுக்கைப் பேய்க்கணவாய் பிடிக்கிறவர்களுக்கே விடுவதா என்று இன்றைக்குத் தீர்மானம்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பும் இதே பேச்சு வந்ததாம். அப்போது பள்ளிக்கூடத்து மெஹ்ரெஸ் வாத்தியார் நாற்பது படங்களைக் கணினியில் கோத்துக் காட்டினாராம். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்களாம். வாத்தியார் இப்போது இல்லை. அவருடைய குறுவட்டு மட்டும் மீனவர் சங்கத்து இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. சங்கத்தின் எழுத்தர் ரதியா இந்தத் தீவுக்கு மருமகளாக வந்தது அதற்கெல்லாம் பிறகு. படங்களை அவள் பார்த்ததில்லை.

“கோப்போட பேரை மாத்திப் பாரேன்,” என்றார் சங்கத் தலைவர் முன்சிஃப். “என் மச்சான் பேரை மாத்தின மறுமாசமே பிரான்ஸ்ல வேலை கிடைச்சுது.”

பெயரின் வாலில் இருந்த மூன்று எழுத்துகளை மாற்றினாள். கோப்பு திறந்தது. திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும், கலைத்துவிட்ட எறும்புக் கூட்டம் போல.

பழைய கோப்பைப் புதிதாக்கித் தரும் ஒரு வலைத்தளத்துக்கு அனுப்பினாள். அரைமணி நேரம் கழித்து நாற்பது வெள்ளைப் பக்கங்கள் வந்தன. அரபு எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, தனித்தனியாகத் தலைகீழ் வரிசையில் நின்றன.

“படம் இருக்கவேண்டிய இடத்துல எல்லாம் சிவப்புல பெருக்கல் குறி போட்டிருக்கு, தலைவரே.”

“கணக்கு வாத்தியார் ஆச்சே!”

வலை பின்னும் ஸுபைதா எட்டிப் பார்த்தாள். “என்ன, எங்கப்பா வந்துட்டாரா? முதல் படமே அவர்தான். இடுப்பளவு தண்ணியில நின்னு என்னைப் பாத்துச் சிரிப்பார்.”

“முதல் படம் பூநாரைக் கூட்டம்,” என்றார் முன்சிஃப். “உங்கப்பா கேமராவைக் கண்டாலே ஓடுற ஆளு. அவரை யாரு படம் எடுத்தா?”

“எவனோ எடுத்திருக்கான்! நான் பாத்தேன்ல?”

பேய்க்கணவாய் பிடிக்கும் மண்குடங்கள் அடுக்கிய கிடங்கில் சங்கத்தின் பழைய கணினி தூசிக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதில்தான் வாத்தியார் வேலை செய்தார். ரதியா தூசி தட்டி மின்சாரம் கொடுத்தாள். அது கொட்டாவி விட்டு வாயைத் திறந்து வட்டை விழுங்கியது. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். கட்டடம் முழுவதும் மின்சாரம் போனது. மூடிய வாய் மறுபடி திறக்கவே இல்லை.

துறையில் படகு ஊதியது.

கூடத்தில் ஜன்னல்களை அடைத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நான்கு அதிகாரிகள், பின்னால் பாதித் தீவு. ரதியா வெறுந்துணிக்கு முன்னால் நின்றாள். ‘மன்னிச்சுக்கோங்க’ என்றுதான் சொல்ல நினைத்தாள்.

“கண்ணை மூடிக்கோங்க,” என்று வந்துவிட்டது.

மூடினார்கள்.

“முதல் படம். விடியக்காலை. காத்து இல்ல. பூநாரைங்க ஒத்தக்கால்ல தூங்குது…”

“எங்கப்பாவை விட்டுட்டியே!” என்றது இருட்டில் ஒரு குரல்.

“வந்துட்டே இருக்கார் அக்கா. ரெண்டாவது படம்.”

அவர் வந்தார். இடுப்பளவு நீரில் நின்று சிரித்தார். வேலிக்குள் மீன்கள் வழி தெரியாமல் சுற்றின. குடத்துக்குள்ளிருந்து பேய்க்கணவாய் ஒரு கையை மட்டும் நீட்டி வானிலை பார்த்தது. ரதியா எத்தனை படம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நிறுத்தியபோது, வெளியே அலை மணலை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தலைமை அதிகாரி கடைசியாகக் கண்ணைத் திறந்தார். “அந்த வேலி மேல இருந்த நீர்க்காகம் இப்பவும் வருதாம்மா?”

நீர்க்காகத்தைப் பற்றி ரதியா ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. “தினமும் வருதுங்க,” என்றாள்.

ஹோட்டல் வேறு கரையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் போன பிறகு ரதியா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். தேநீர்க் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த கிழவர் ஹமாதி திரும்பிப் பார்த்தார்.

“ஜெயிச்சுட்டு ஏன் அழறே, லல்லா?” என்று, தீவில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லால் கேட்டார்.

“வாத்தியாரோட நாப்பது படத்தையும் தொலைச்சுட்டேனே!”

ஹமாதி கடைசிக் குவளையையும் தட்டில் வைத்தார்.

“அந்தப் பாழாப்போன வட்டு அன்னிக்கும் திறக்கலையே, லல்லா; அவரும் எங்களையெல்லாம் கண்ணை மூடிக்கத்தான் சொன்னார்.”