முட்டைப் பந்து வியூகம்

மெல்பர்னில் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் அன்பு மாப்பிள்ளை ஜெயபாண்டிக்கு, பழங்காநத்தத்தில் ஆடிக் காற்றில் புழுதி தின்றுகொண்டிருக்கும் உன் அக்காள் புருஷன், வெள்ளைத்துரை பந்தல் அன்ட் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர், வெள்ளைத்துரை எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்காள் மீனா, உன் மருமகள் தாமரைச்செல்வி மூவரும் சௌக்கியம். மூன்றாமவளுக்கு மட்டும் இடது முழங்காலில் தோல் இல்லை. நீயும் உன் வீட்டாரும் அங்கே குறையில்லாமல் இருக்கத் திருப்பரங்குன்றத்து முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவனிடம் இன்னொரு வேண்டுதலும் வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது மச்சான் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். என் போனை நான் பார்ப்பதைவிட உன் அக்காள் பார்ப்பது அதிகம். நீ எனக்கு ஒரு குட்மார்னிங் அனுப்பினாலும் அதை அவள் படித்துவிட்டு, "ஒன் மாப்ள குட்மார்னிங் சொல்றான், எந்திரி" என்று என்னை எழுப்புகிறாள். இது ராணுவ ரகசியம். ஆகவே காகிதம்.

போன வருஷம் பொங்கலுக்கு நீ வந்தபோது தாய்மாமன் சீராக மருமகளுக்கு ஒரு சங்கிலி கொண்டுவருவாய் என்று உன் அக்காள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நீ பெட்டியைத் திறந்து எடுத்தது ஒரு பந்து. அதுவும் உருண்டையாக இல்லை. "என்னடா தம்பி, வர்ற வழியில நசுங்கிருச்சா?" என்று அவள் கேட்டது உனக்கு நினைவிருக்கும். அந்த நசுங்கின பந்துதான் இன்று என் குடும்பத்தை ஆட்டி வைக்கிறது. நீ விமானம் ஏறிய மறுநாளே தாமரை அதைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். அவளோடு படித்த பிள்ளைகள் வந்தார்கள், பிறகு அவர்களுடைய தங்கச்சிகள் வந்தார்கள், கடைசியில் ஒன்பது பேர் சேர்ந்து 'பழங்காநத்தம் பெண்கள் ஆஸ்திரேலியக் கால்பந்துக் கழகம்' என்று சட்டை அடித்துவிட்டார்கள். சட்டையின் முதுகில் என் கடைப் பெயர் இருக்கிறது. விளம்பரம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அதற்குள் செல்லூரிலும் ஒரு கூட்டம் யூடியூபைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. விசைத்தறி வைத்திருக்கும் மலைச்சாமிதான் அதற்கு மேனேஜர். பழைய கபடி ஆட்டக்காரர். அவர் முழங்காலைப் பார்த்தாலே தெரியும்.

முதல் ஆட்டம் ஆனி மாசம், வறண்டு கிடந்த கண்மாய்க்குள் நடந்தது. ஒவ்வொரு பக்கமும் நான்கு கம்பு நடவேண்டும் என்றாள் தாமரை. கம்பு நடுவது நம் குலத்தொழில் ஆயிற்றே என்று எட்டுச் சவுக்குக் கம்பையும் கொடுத்து என் வேலையாள் பேயாண்டியை அனுப்பினேன். அவன் நட்டான், நட்டதோடு நிற்கவில்லை. நான்கு கம்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, சீரியல் செட் விளக்கும் சுற்றிவிட்டான். ஆட்டம் தொடங்குவதற்குள் பட்டுச்சேலையோடு நான்கைந்து பேர் வந்து, "பந்தி எந்தப் பக்கம்ணே?" என்று என்னிடம் கேட்டார்கள். பந்திதான் இல்லை, பந்து இருக்கிறது, உட்காருங்கள் என்று உட்கார வைத்தேன். பார்வையாளர் சேர்ந்தது அப்படித்தான்.

நடுவில் நிற்கும் இரண்டு நெட்டைக் கம்புக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. ஓரத்துக் குட்டைக் கம்புப் பக்கம் போனால் ஆறுதலுக்கு ஒன்று. இதெல்லாம் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை; ஆனால் இதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசி நிமிடத்தில் செல்லூர் முப்பத்தொன்று, நாம் இருபத்தொன்பது. தாமரை பந்தை வாங்கித் திரும்பி ஒரு உதை விட்டாள் பார், நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பந்து நேராகப் போய், பேயாண்டி சாய்த்து நட்டிருந்த நெட்டைக் கம்பில் பட்டுத் தெறித்தது. கம்பில் பட்டால் ஒன்றுதானாமே! இது என்ன நியாயம் மாப்ள? ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கிளம்பும்போது மலைச்சாமி என் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டு, "அண்ணே, பந்தல் பிரமாதம்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் உன் அக்காள் தாமரையின் முழங்காலைப் பார்த்துவிட்டாள். திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள் ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கும் நேரம். "கால்ல இம்புட்டுக் காயத்தோட எந்தப் பொண்ணுடி சபையில வந்து நிப்பா?" என்று ஆரம்பித்து, சாமி விளக்கின் முன்னால் நின்று ஒரு தீர்ப்புச் சொன்னாள். "மறு ஆட்டம் ஆடு, வேணாங்கல. ஆனா இன்னொருக்காத் தோத்தா அந்தப் பந்தப் பரண்ல போட்டுட்டு, சேலையக் கட்டிக்கிட்டு காபித் தட்டத் தூக்கணும்."

"ஜெயிச்சா?" என்றாள் தாமரை.

"ஜெயிச்சா அப்பப் பாப்போம்."

தாமரை என்னைப் பார்த்தாள். மீனாவும் என்னைப் பார்த்தாள். நான் பொதுவாகத் தலையாட்டினேன். இரண்டு பேருமே நான் தங்கள் கட்சி என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் மாப்ள, அன்று ராத்திரி அந்தப் பிள்ளை பந்தைத் துணியால் துடைத்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்ததைப் பார்த்தேன். அதைப் பரணில் போட என் கை வராது. மறு ஆட்டத்துக்கு வியூகம் அமைப்பது என்று அப்போதே முடிவெடுத்தேன். ஆடி மாசம், முகூர்த்தமும் இல்லை, பந்தலும் இல்லை. கம்பும் துணியும் நானும் சும்மாதான் கிடக்கிறோம்.

வியூகத்தின் முதல் வேலை உளவு. செல்லூரில் துண்டு வாங்கப்போகிறேன் என்று உன் அக்காளிடம் சொல்லிவிட்டு, யாரும் அடையாளம் காணக்கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல் நானும் பேயாண்டியும் போனோம். அவர்கள் பயிற்சி செய்யும் பொட்டலுக்கு எதிரே வேனை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் மலைச்சாமி வந்து கண்ணாடியைத் தட்டினார். "வாங்கண்ணே, உளவு பாக்க வந்தீகளா? வேனுக்குள்ள எதுக்குண்ணே ஹெல்மெட்டு? வெந்துபோவீக, எறங்குங்க" என்றார். என் பெயர் வேனின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு எழுதியிருப்பதை நான் யோசிக்கவில்லை. முன் வரிசையில் நாற்காலி போட்டு, டீயும் முட்டை போண்டாவும் வாங்கிக் கொடுத்து முழுப் பயிற்சியையும் காட்டினார். எதிரியின் போண்டாவைத் தின்றுகொண்டே பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அவர்கள் கேப்டன் தமிழ்வாணி என்று ஒரு பிள்ளை. குட்டைதான், ஆனால் பந்தோடு ஓடுகிறவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தால் விடுவதே இல்லை. இரும்புப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டதுபோல இருக்கிறது. அவளைத் தாண்டுவதற்கு என்ன வழி என்று நீ உடனே விசாரித்து எழுதவேண்டும்.

அடுத்தது பயிற்சி. பந்து ஒன்றுதான், பிள்ளைகள் ஒன்பது பேர். பேயாண்டிதான், "அண்ணே, மட்ட உரிக்காத தேங்கா இதே சைசுதாண்ணே" என்றான். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். இரண்டு சாக்குத் தேங்காய் வாங்கிப்போட்டு, கையால் பிடிப்பதற்கு மட்டும்தான் தேங்காய், காலால் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். எப்படித் தொடக்கூடாது என்று உதைத்துக் காட்டும்போது என் கட்டைவிரல் வீங்கிவிட்டது. உன் அக்காளிடம் பிரியாணி அண்டா விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். போனில் கேட்டால் நீயும் அண்டா என்றே சொல். பிறகு ஒருத்தி முதுகில் ஒருத்தி ஏறி வானத்திலேயே பந்தைப் பிடிக்கிறார்களே, அதற்கு வாடகை மெத்தைகளை விரித்து, நடுவில் பேயாண்டியை நிறுத்தினேன். இரண்டு நாளில் அவன் வந்து, "அண்ணே, என்னையப் படிக்கட்டாவே ஆக்கிட்டாகண்ணே, நான் ஊருக்குப் போறேன்" என்று அழுதான். கறிச்சோறு போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கடைசியில் சொல்லப்போவதுதான் பிரம்மாஸ்திரம். ஆடிக் காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது. காற்றை முதுகில் வாங்கி உதைப்பவர்களுக்குப் பந்து பறக்கிறது. ஆட்டத்தை நான்கு காலாகப் பிரித்து, கால் ஆட்டத்துக்கு ஒருமுறை இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொள்கின்றன. ஆகவே கண்மாயின் மேற்குப் பக்கம் முழுக்க நம் பந்தலின் பக்கத்துணியைத் திரை மாதிரிக் கட்டப்போகிறேன். நாம் காற்றோடு உதைக்கும்போது திரை திறந்திருக்கும். செல்லூர் காற்றோடு உதைக்கும்போது பேயாண்டி கயிற்றை இழுப்பான், திரை மூடிக்கொள்ளும். கேட்டால் பெண்களுக்கு வெயில் படாமல் இருக்க என்று சொல்லிவிடலாம்.

தாமரையிடம் சொன்னேன். "அப்பா, இது ஏமாத்து" என்றாள்.

"இல்லத்தா, இது வியூகம்."

"ஏமாத்துக்கு மீசை வச்சா வியூகமாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு வயது போதாது.

உன்னால் ஆகவேண்டியது இரண்டு. ஒன்று, தமிழ்வாணியைத் தாண்டும் வழி. இரண்டு, அக்காளுக்குப் போன் செய்து, ஆஸ்திரேலியாவில் இந்தப் பந்து விளையாடும் பெண்களுக்குத்தான் முதலில் வரன் அமைகிறது, கோயில் பரிகாரமே இப்போது இதுதான் என்று பேச்சுவாக்கில் சொல்லிவை. நீ சொன்னால் நம்புவாள். சங்கிலி விஷயத்தைத் தவிர மற்றதில் உன்னை அவள் சந்தேகப்பட்டதில்லை.

நீயும் உன் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல், நேர்க்கம்பு நட்ட பந்தல்போல் நிமிர்ந்து வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் மச்சான்,
வெள்ளைத்துரை

பின்குறிப்பு: காளவாசலில் தபாலில் சேர்க்கலாம் என்று சட்டைப்பையில் வைத்தவன் மறந்துவிட்டேன். அதற்குள் மறு ஆட்டமே முடிந்துவிட்டது. மேலே எழுதியதில் எதையும் நீ செய்யவேண்டாம்.

நடந்தது இதுதான். ஆட்டத்தன்று உன் அக்காள் கண்மாய்க்கு வந்துவிட்டாள். கூடவே அந்தத் திருமங்கலத்து மாப்பிள்ளையின் அம்மா. ஆடியில் முறைப்படிப் பெண் பார்க்கக்கூடாது, சும்மா பார்க்கலாமாம். இருவரையும் நிழலாக இருக்கட்டும் என்று மேற்குப் பக்கம் என் அருகிலேயே உட்கார வைத்தேன். முதல் கால் ஆட்டத்தில் செல்லூர் அந்தப் பக்கம் நின்றபோது காற்றே எழவில்லை; மூன்றாவதில்தான் காற்றோடு உதைக்க ஆரம்பித்தது. நான் கையை அசைத்தேன். பேயாண்டி கயிற்றை இழுத்தான். திரை மூடியது, காற்றைக் குடித்தது, பாய்மரம் மாதிரி புடைத்தது, கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு மொத்தமாக எங்கள் மூன்று பேர் மேலும் வந்து விழுந்தது. பேயாண்டி கயிற்றை விடாமல் கொஞ்ச தூரம் போனதாகச் சொல்கிறார்கள்.

துணிக்கு அடியில் ஒரே இருட்டு. அந்த இருட்டில்தான் மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்தார். "பொம்பளப்புள்ள கால இம்புட்டு ஒசரம் தூக்குறா. இவ எப்படி எங்க வீட்டுக்கு வந்து வெளக்கேத்துவா?"

இந்தப் பக்கமிருந்து உன் அக்காள் குரல் வந்தது. "ஏங்க, ஒங்க வீட்ல வெளக்கக் காலாலயா ஏத்துவாக?"

"அதுக்கில்ல, அடக்கம்னு ஒண்ணு…"

"அது எம்மக காலு. நல்லா ஒசரட்டும். ஒங்க மகன் கடையில ஒக்காந்தே கெடக்காரே, அவருக்குக் கால் இருக்கான்னு நாங்க கேட்டமா?"

நான் துணிக்குள்ளேயே இருந்துவிட்டேன். பாதுகாப்பான இடமாகப் பட்டது. செல்லூர்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சேர்ந்து துணியைத் தூக்கியபோது உன் அக்காள் கொண்டை அவிழ்ந்து, கண் சிவந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கரையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். அதற்குமேல் மீனா உட்காரவே இல்லை. கோட்டோரமாக ஓடிக்கொண்டே, "அடியே தாமர, கூட்டத்துக்குள்ள போகாத, வெளிய வா! அந்தக் குட்டப்புள்ள வந்துட்டா, கைய மாத்துடி!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். அவள் சொன்னபடி தாமரை வெளியே வந்து இரண்டு முறை தமிழ்வாணியைத் தாண்டி ஆறும் ஆறும் எடுத்தாள். ஆனால் நான் சொன்னபடி ஆடிய முதல் இரண்டு கால் ஆட்டத்தில் விழுந்த பள்ளம் பெரிது. எட்டுப் புள்ளியில் தோற்றோம்.

தோற்றால் பந்து பரணுக்கு என்பது பேச்சு. தாமரை தானாகவே வந்து பந்தை அம்மா கையில் கொடுத்தாள். எனக்குப் பார்க்க முடியவில்லை. மீனா பந்தை வாங்கிச் சேலைத் தலைப்பில் புழுதியைத் துடைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மலைச்சாமியைக் கூப்பிட்டு, "அண்ணே, அடுத்த ஆட்டம் எப்ப வச்சுக்கலாம்?" என்றாள்.

"நீங்க சொல்றப்ப தங்கச்சி. ஆனா மேனேஜரு நீங்களா இருந்தா எங்களுக்குக் கொஞ்சம் யோசனைதான்" என்றார் அவர்.

ஆகவே என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அண்டா விழவில்லை, தேங்காய்தான் என்பதைப் பேயாண்டி ஒப்புக்கொண்டுவிட்டான். இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பது மட்டும் என் வேலை, அதையும் வாய் பேசாமல் செய்யவேண்டும் என்பது உத்தரவு. திருமங்கலத்துக்காரர்களுக்கு உன் அக்காளே போன் போட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நீ பரிகாரம் பற்றியெல்லாம் எதுவும் உளறிவிடாதே.

இதை எழுதும்போது மொட்டை மாடியில் பந்து சுவரில் மோதித் திரும்பும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. தாமரை என் எதிரே உட்கார்ந்து, உன் அக்காள் வைத்துவிட்டுப் போன இட்லியைச் சாப்பிடுகிறாள்.