பீலிக்ஸ் அண்ணாவின் ஒரு பிழை

கொலோன், செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய இராசலிங்கம் மாமா அவர்களுக்கு, பீலிக்ஸின் தங்கை அன்ரனிற்றா வணக்கத்துடன் எழுதுவது. ஸ்டுட்கார்ட்டில் நீங்களும் மாமியும் சஜிதா அக்காவும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறோம்.

ஞாயிறு சம்பந்தம் கதைக்க நீங்கள் ரெலிபோன் எடுத்தபோது நான் முதலில் கவனித்தது உங்கள் பின்னால் பிறின்ரர் ஓடும் சத்தத்தைத்தான். அண்ணாவின் பேஸ்பால் ஆட்டப் புள்ளிவிபரம் இணையத்திலிருந்து உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று அப்போதே விளங்கியது. "நாங்கள் வேதக்காரர், சாதகம் பாக்கிறேல்லை. அதுக்காக ஒண்டும் பாக்காமல் பெட்டையைக் குடுக்கிறதோ?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள். "பெடியன் நாலுதரம் அடிக்கப் போய் மூண்டுதரம் சும்மா திரும்பி வந்திருக்கிறான். வேலைக்கும் இப்பிடித்தான் போறவனோ?" என்றும் கேட்டீர்கள். மாமா, இந்த விளையாட்டில் நாலுக்கு ஒன்று அடித்தாலே பரவாயில்லை என்பார்கள். அம்மாவுக்கு அது தெரியாததால், மற்ற மூன்று தரமும் அவன் நோன்பு என்று சொல்லிவிட்டா.

அடுத்ததாகத்தான் பிழை என்ற நிரலில் அண்ணாவின் பெயருக்கு நேரே ஒன்று இருப்பதைக் கண்டு, "என்ன பிழை? ஆரோடை?" என்று கேட்டீர்கள். பிடிக்க வேண்டிய பந்தை விட்டால் அப்படிப் போடுவார்கள், வேறொன்றும் இல்லை. "அந்தப் பிழை அழியட்டும், மேற்கொண்டு கதைப்பம். இல்லாட்டிப் பெட்டைக்கு மற்றப் பெடியன் சஞ்சயனைப் பாப்பம்" என்றீர்கள். அந்தப் பிழையை எழுதியது யார் என்று கேட்டதற்கு அம்மா யாரோ ஜேர்மன்காரர் என்றா. நான்தான் மாமா. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், ஆட்களோடு கதைக்கக் கூச்சம். புள்ளி எழுதும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தால் ஒருவரும் என்னோடு கதைக்க மாட்டார்கள். இப்போது அம்மா கதைக்கிறா, என் முதுகுக்குப் பின்னால் நின்று.

"வெயில் கண்ணிலை அடிச்சது எண்டு எழுது."

"அம்மா, அண்டைக்கு மழை."

"அப்ப மழை எண்டு எழுது."

"பந்தை விட்டாப் பிறகுதானே மழை வந்தது."

"சொந்த அண்ணனுக்குப் பிழை போட்டிட்டு எனக்கு மழைக் கணக்குச் சொல்லுறாய்! பிள்ளை பெத்தனோ, நீதவானைப் பெத்தனோ?"

அண்ணாவோ, "போட்டது போட்டதுதான், விடு" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். சாப்பிடுவதில்லை. சஜிதா அக்காவின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்க்கிறார். அதைப் பார்க்க எனக்கு அழுகை வருகிறது. ஆனாலும் மாமா, பந்து கையில் பட்டு விழுந்ததை என் கண்ணால் கண்டேன். விழவில்லை என்று எழுத எனக்கு ஏலாது. ஒரு பந்தை விட்டவர் உங்கள் மகளையும் விடுவார் என்று நினைக்க வேண்டாம். தயவுசெய்து சஞ்சயனைப் பார்க்காதேங்கோ.

மாமிக்கும் அக்காவுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் எந்நாளும் சமாதானம் தங்க வேண்டும்.

பணிவுடன்,
அன்ரனிற்றா

பிற்குறிப்பு: அண்ணாவின் பேஸ்பால் கழகம் எடுத்த வீடியோ இப்போதுதான் வந்தது. என் கூண்டிலிருந்து அண்ணாவுக்குப் பின்னால் உள்ள மூலை வேலி தெரியாது. வீடியோவில் தெரிகிறது. வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டு அண்ணாவைப் படம் எடுக்கிறது, பந்து முதலில் அந்தப் போனில் பட்டுத்தான் அண்ணாவின் கைக்கு வருகிறது. சட்டப்படி அது பார்வையாளர் இடையூறு, ஆட்டக்காரருக்குப் பிழை கிடையாது. ஆகவே நீங்கள் கேட்டபடியே அண்ணாவின் பிழையை அழித்துவிட்டேன். இடையூறு செய்தவரைத் தெரிந்தால் பெயரும் குறிப்பது எங்கள் கழக வழக்கம். அந்தக் கைக்குரியவரின் முகமும் வீடியோவில் தெளிவாக விழுந்திருக்கிறது, நீங்கள் அனுப்பிய படத்தில் கண்ட முகம் என்பதால் ஆள் தெரிந்தது. அக்கா அன்று லைப்சிக்கில் வகுப்பில் இருந்ததாக நீங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தீர்களாம், அதனால் வீடியோவை இரண்டாம் தரமும் ஓடவிட்டுப் பார்த்தேன். பிறகு, "இராசலிங்கம் சஜிதா, ஸ்டுட்கார்ட்" என்று எழுதி இணையத்தில் ஏற்றினேன்.