அவள் சரணத்தையும் நானே பாடினேன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வராது. இந்த வியாதி முற்றி ஊர் சிரித்தது என் கல்யாண ரிசப்ஷனில்.

மேடையில் நாங்கள் இருவரும் ஒரு பழைய காதல் டூயட் பாட வேண்டும் என்பது மணப்பெண் பிரியாவின் ஆசை. அவள் அப்பா கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து முணுமுணுக்கும் பாட்டு. அவர் எதிரில் பாட வேண்டும் என்பதற்காகவே, படப்பை ஸ்கூலில் பாடம் நடத்திவிட்டு வந்து மூன்று மாதம் பழகினாள்.

"ஒரிஜினல் கேட்டீங்களா?" என்று போனில் கேட்டாள்.

"அதோட சரித்திரமே எனக்குத் தெரியும்."

தெரிந்ததெல்லாம் நகல்களின் சரித்திரம். நடுவில் ராப் செருகிய ரீமிக்ஸ், காலேஜ் பசங்கள் டிரம்ஸோடு கத்தியது, கடைசியாக ஒரு பெண் கிட்டாரோடு தனியாகப் பாடியது. அந்தக் கடைசியைத்தான் சிறுசேரி ஆபீஸ் பஸ்ஸில் கூடவே பாடி மனப்பாடம் செய்தேன். (பக்கத்து சீட்காரர் வேறு சீட் பார்த்துக்கொண்டார்.) அதில் ஆண் வரி, பெண் வரி எல்லாம் அவள் ஒருத்தியே பாடியிருந்தாள். எது யாருடையது என்று பிரியாவிடம் கேட்டால் என் மானம் என்னாவது?

தாம்பரம் மண்டபத்தில் பல்லவியை முடித்தேன். கைதட்டல். அந்த மிதப்பில் கண்ணை மூடி, நாயகனின் தோளில் சாய்ந்து நாயகி வெட்கப்படும் சரணத்தையும் நானே பாடினேன். வெட்கத்தோடு பாடினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. ரசிக்கிறார்கள் என்று இன்னும் கொஞ்சம் குழைந்தேன்.

கண்ணைத் திறந்தபோது பாட்டு முடிந்திருந்தது. பிரியா மைக்கை இறக்கிவிட்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கீபோர்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "இன்னா சார், மேடத்துக்கு ஒரு வரியாவது வுட்டு வெச்சிருக்கலாம்ல."

முதல் வரிசையிலிருந்து மாமனார் எழுந்து மேடைக்கு வந்தார். மறுபடி வாசிக்கச் சொன்னார். என்னிடம் கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். என் வரி வரும்போது மட்டும் அதை என் வாயருகே பிடித்தார், முடிந்ததும் எடுத்துவிட்டார். குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல. பிரியா தன் சரணத்தைப் பாடினாள். அவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

போன வாரம் செம்பாக்கத்தில் டாக்டர் அவளிடம், "எங்கே வலிக்குதும்மா?" என்று கேட்டார்.

"முதுகுல டாக்டர்," என்றேன் நான்.

கூட வந்திருந்த மாமனார் என்னிடம் கையை நீட்டினார்.